அத்த நட்சத்திரத்தில் பிறந்த கழகம்

மெல்பேர்னில் ஒரு மருத்துவமனைக் குசினியில் நான் ஜெலி வைக்கிற உத்தியோகத்தில் இருக்கிறேன். மேலிடம் அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஊரில் யாராவது கேட்டால் ‘ஹொஸ்பிட்டல் வேலை’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை அவர்களுடைய கற்பனை பார்த்துக்கொள்ளும். ஒரு பெரியம்மா தொலைபேசி எடுத்துத் தன் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். நடக்கச் சொன்னேன். குணமாயிற்றாம்.

எங்கள் குசினியில் நீண்ட ரப்பர்ப் பட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதில் தட்டுகள் வரும். தட்டுக்கொரு சீட்டு, அந்த நோயாளி எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று அதில் இருக்கும். பட்டியின் இரு கரையிலும் நின்று நாங்கள் அவரவர் பங்கை வைப்போம். எனக்கு நேர் எதிரே நின்று சூப் ஊற்றுகிறவன் ஒரு மொரோக்கோக்காரன். என் வயதுதான், ஆனால் தலைமுடி முழுவதும் அவனிடம் இருக்கிறது. எங்கள் ஆட்களோடு பழகி ‘மச்சான்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மேற்பார்வையாளர் அம்மாவைத் தவிர மற்ற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். அவனுடைய ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாடை அடிக்கும், என்னுடையதில் யாழ்ப்பாண வாடை. அவன் சொன்னதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

வேலைக்கு வந்த புதிதில் பேச்சுக் கொடுப்பதற்காக, கால்பந்தில் நீ எந்த அணியின் ஆள் என்று கேட்டுவைத்தேன். உலகத்துக்குத் தெரிந்த ஏதாவது ஒரு ஐரோப்பிய அணியைச் சொல்வான், நானும் தலையாட்டிவிட்டு ஜெலியைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவன் தன் ஊர்க் கழகத்தின் பெயரைச் சொன்னான். அட்லாண்டிக் கரையில், மீனை டின்னில் அடைக்கிற ஆலைகள் இருக்கிற ஒரு சின்னத் துறைமுக ஊர். அந்தக் கழகத்தைப் பற்றி அந்த ஊருக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. நான் அவர்களில் ஒருவனாகிவிட்டேன். சூப்புக்கும் ஜெலிக்கும் இடையே, நாள்தோறும், பல மாதங்களாக.

கழகத்தின் சரித்திரம் ஒரு மதிலிலிருந்து தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஆலை அதிகாரிகளுக்கென்று மதில் கட்டிய ஒரு மைதானம் இருந்தது. உள்ளே அவர்கள் விளையாடுவார்கள். வெளியே நிற்கிற தொழிலாளிகளின் வேலை, மதிலுக்கு மேலால் வந்து விழுகிற பந்தைத் திருப்பி எறிவது. ஒரு நோன்புப் பெருநாளன்று, ஆலைக்கு விடுமுறை, பின்னேரம் பந்து வந்து விழுந்தது. அன்றைக்கு அவர்கள் திருப்பி எறியவில்லை. எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பந்தோடு தொடங்கியதுதான் கழகம். நாடு விடுதலையானதும் மைதானம் அவர்கள் கைக்கு வந்தது. மதில் அப்படியே இருக்கிறது. இப்போதும் பந்து வெளியே போய் விழுகிறதாம், இப்போது எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்களுடைய பிள்ளைகளாம்.

கோப்பை ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை. ஒரே ஒரு முறை முதற் பிரிவுக்கு ஏறி, அடுத்த வருடமே வழுக்கிக் கீழே வந்திருக்கிறார்கள். அவன் மிகப் பெருமையாகச் சொல்வது ஒரு தோல்வியைப் பற்றி. ஆட்டம் முடிகிற நேரத்தில் கடலிலிருந்து மூடுபனி வந்து மைதானத்தை மூடிவிட்டது. எதிரணிக்காரன் அடித்தது கோலுக்குள் போனதா, பக்கத்தால் போனதா, ஒருவரும் காணவில்லை. நடுவருக்கு வேறு வழி தெரியாமல் எங்கள் கோல்காப்பாளனிடமே கேட்டார். ஊரில் முடி வெட்டுகிற மனிதர் அவர். ‘உள்ளேதான் போனது’ என்று சொல்லிவிட்டார். தோற்றுப் போனோம்.

(பார்த்தீர்களா, ‘தோற்றுப் போனோம்’ என்று எழுதுகிறேன். இப்படித்தான் நான் விழுந்தேன்.)

“எங்கட ஊரில எண்டால் அந்தாளிட்ட ஒருத்தரும் தலையைக் குடுத்திருக்க மாட்டினம்” என்றேன்.

“எங்கட ஊரில அதுக்குப் பிறகு எல்லாரும் அவரிட்டத்தான் வெட்டினது, மச்சான்” என்றான் அவன். “பொய் சொல்லாத கையிலதானே கத்தி இருக்கவேணும்.”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில், சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் தட்டில் சீனி போட்ட சிவப்பு ஜெலியை வைத்து அனுப்பிவிட்டேன். பட்டியின் கடைசியில் நின்று சரிபார்க்கிற பெண் பிடித்துவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, கவனம் என்றால் என்ன என்று விளக்கினார். மொரோக்கோவின் உள்ளூர்க் கால்பந்தே காரணம் என்று சொல்லலாம்தான். நம்பியிருக்க மாட்டார்.

உற்சாகத்தில் நான் கைபேசியில் ஒரு குழுவும் தொடங்கினேன்: அந்தக் கழகத்தின் மெல்பேர்ன் கிளை. எங்கள் ஆட்களில் மூன்று பேர் ஒரு விஷயத்தை விரும்பினால் அதற்கு ஒரு கிளை, ஒரு தலைவர், ஒரு செயலாளர் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவு நித்திரை வராது. அவனைத் தலைவராக்கி, நான் செயலாளராகி, மனைவியைக் கேட்காமலே பொருளாளராக்கினேன். எங்கள் சங்கங்கள் உடைய வழக்கமாக இரண்டு வருடமாவது எடுக்கும். இது, மனைவி கைபேசியைப் பார்த்த உடனேயே உடைந்தது.

இந்த விளையாட்டெல்லாம் போன வருடக் கடைசி வரைக்கும்தான். பிறகு ஒரு நாள் அவன் சூப் அகப்பையைப் பிடித்தபடி, பட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அணி தொடர்ந்து தோற்கிறது. இந்தப் பருவத்தோடு இப்போதிருக்கிற பிரிவிலிருந்தும் விழுந்தால் அதற்குக் கீழே இருப்பது வெறும் மாவட்டப் போட்டிகள். அப்படி விழுந்தால் மைதானத்தைத் தாங்கள் இனிப் பராமரிப்பதில்லை, மீன் குளிரூட்டுகிற கம்பனி ஒன்றிடம் கொடுத்துவிடுவோம் என்று நகரசபை சொல்லிவிட்டது.

“வேற மைதானம் எடுக்கலாம்தானே” என்றேன். நான் அப்படித்தான். வீடு எரிகிறது என்று ஒருவன் சொன்னால் வேறு வீடு பார்க்கச் சொல்லுவேன்.

“அண்ணன் அங்கதான் இருக்கிறான்” என்றான்.

இவ்வளவு காலமும் அதை அவன் சொல்லவில்லை. அவனுக்கென்று அங்கே மிஞ்சியிருப்பது ஒரு அண்ணன் மட்டும்தான். கல்யாணம் செய்யாதவர், அறுபதைக் கடந்தவர். இளமையிலிருந்தே கழகத்தின் மைதானக் காவலர், புல்லுப் பார்க்கிறவர், கோடு போடுகிறவர். பார்வையாளர் படிக்கட்டுகளுக்குக் கீழே ஒரு அறை உண்டு. கட்டிலும் அடுப்பும் அங்கேதான். பெற்றோரின் வீடு விற்றுப் போய் எவ்வளவோ காலம். மைதானம் போனால் அண்ணனுக்கு ஒரு கதவு இல்லை.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர், படிக்காவிட்டாலும், விசா விஷயத்தில் சட்டத்தரணிகள். நானும் உடனே கறுப்புக் கோட்டுப் போடாத சட்டத்தரணியானேன். தாய் தகப்பன் என்றால் கூப்பிட ஒரு வழி இருக்கிறது, கட்டினவள் என்றால் ஒரு வழி இருக்கிறது, அண்ணனுக்கு நேர் வழி இல்லை. சரி, முதலில் விசிட்டர் விசாவில் கூப்பிட்டுப் பார், நாலு நாள் வந்து நின்றால் மனம் ஆறும், மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் விண்ணப்பம் போட்டான். மறுத்துவிட்டார்கள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வீடு இல்லை, வங்கியில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவர் திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். புல்லு வாடிவிடும் என்று தம்பியின் கல்யாணத்துக்கே பக்கத்து ஊருக்குப் போகாத மனிதர் அவர். அதை எழுத எந்த விண்ணப்பப் பத்திரத்திலும் இடம் இல்லை.

ஆக, செய்யக்கூடியது எல்லாம் முடிந்தது. இருந்தது ஒரே ஒரு ஆட்டம். பருவத்தின் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். கணக்கு இதுதான்: எங்கள் அணி வென்றால் தப்பும். சமநிலை என்றால், நமக்குப் பின்னால் நிற்கிற பக்கத்து ஊர் அணி அதே நேரத்தில் நடக்கிற தன் ஆட்டத்தில் வெல்லாமல் இருந்தால் தப்பும். தோற்றால் அநேகமாக எல்லாம் முடிந்தது.

இப்படியான நேரத்தில் யாழ்ப்பாணத்து மனிதன் என்ன செய்வான்? காரை எடுத்துக்கொண்டு, நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கிற த பேசின் கோயிலுக்குப் போவான், பிள்ளையாரிடம். பரீட்சை, பிரசவம், புதுக் கார், வீட்டுக்கடன், எதற்கும் நாங்கள் அங்கேதான் போகிறோம். கழகத்தின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றினதும், அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே என்ற கவலை வந்துவிட்டது.

இங்கேதான் சரித்திரம் எனக்குப் பயன்பட்டது. கழகம் பிறந்த வருடம் அவனுக்குத் தெரியாது. ஆனால் நோன்புப் பெருநாள் பின்னேரம் என்பது தெரியும். ஆலையில் மீன் குவிகிற காலம், ஆகஸ்ட் கடைசி என்று அவனுடைய தகப்பன் சொல்லியிருக்கிறார். எனக்கு அரைகுறைச் சாத்திரம் தெரியும். பிறை தெரிவது அமாவாசை கழிந்து. அமாவாசையில் சந்திரன் சூரியனோடு நிற்கும். ஆவணி மாதம், சூரியன் சிங்கத்தில். அங்கிருந்து ஒன்றிரண்டு நட்சத்திரம் தள்ளிப் பார்த்தேன். அத்தம். கன்னி ராசி. சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னை மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “டாட், யூ நீட் எ ஹொபி” என்றாள். இதுதான் ஹொபி என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிறு காலை, மனைவியோடு போனேன். கோயிலில் எனக்குப் பின்னால் புதுக் காரின் திறப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, ஆருக்கு என்று கேட்டார்.

“ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு, ஐயா.”

அதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கழகங்கள் எல்லாம் இங்கே கிளையோடு இருக்கின்றன. “பேரைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். திரும்பவும் கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

“இது எங்க இருக்கிற கழகம்?”

“மொரோக்கோவில, ஐயா.”

ஐயர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். கார்க் குடும்பமும் பார்த்தது. “பேசாமல் சுவாமி பேருக்குச் செய்வமே” என்றார் மெதுவாக. இல்லை ஐயா, நட்சத்திரம் கண்டுபிடித்துக் கொண்டு வந்திருக்கிறேன், அத்தம் என்று அடம்பிடித்தேன். கோத்திரம் கேட்டார். மீன் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, சிவ கோத்திரம் என்றேன். நல்ல மனிதர், செய்தார். மந்திரத்துக்கு நடுவே அந்த அரபுப் பெயர் வந்தபோது கொஞ்சம் தடக்கி, தாண்டிப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்: பிள்ளையாரே, இன்றைக்கு இவர்கள் தோற்கக்கூடாது.

வெளியே வந்ததும் மனைவி பிடித்தாள். “இஞ்சருங்கோ, ஆற்ற பேரைச் சொன்னீங்கள்? ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப் போட்டு உங்களையெல்லோ பாத்தவர்.” சொன்னேன். பிள்ளையின் லைசென்ஸ் சோதனைக்குக் கோயிலுக்கு வராத மனுசன் என்று தொடங்கி, மலையடிவாரத்திலிருந்து வீடு வரும்வரை ஒரு நீண்ட உரை. ஆனால் பின்னேரம் நான் அவனுடைய யூனிட் வீட்டுக்குப் புறப்பட்டபோது, கேட்காமலே ஒரு பெட்டி நிறைய வடை சுட்டுத் தந்தாள். “அந்தத் தமையனுக்கு இருக்க இடமில்லாமல் போகக்கூடாது” என்று மட்டும் சொன்னாள்.

மைதானத்தில் விளக்குகள் இல்லாததால் ஆட்டம் அங்கே காலையில். நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். அவன் வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தான். ஒளிபரப்பு எல்லாம் கிடையாது. அண்ணன்தான் அங்கே கோட்டோரமாக நின்று கைபேசியைப் பிடித்துக் காட்டுகிறார். புல்லுப் பார்க்கிற மனிதர் பிடித்தால் எதைக் காட்டுவார்? புல்லைத்தான் காட்டினார். இடையிடையே அவருடைய பெருவிரல். பந்து மதிலுக்கு அப்பால் போனால் அவர்தான் ஓடவேண்டும்; அப்போது வானம், நிலம், வானம், நிலம். எனக்குத் தலை சுற்றியது. பந்தை நான் கண்டது மிகக் குறைவு.

சும்மா இருக்க முடியாமல் அர்ச்சனை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவன் கோபிப்பானோ என்று உள்ளுக்குள் பயம். அவன் தன் நேரத்துக்குத் தொழுகிறவன். அவன் ஒரு வடையைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினான்.

“இதை அண்ணனுக்குச் சொல்லிப் போடாதை” என்றான். “அவன் நம்பிப் போடுவான்.”

இடைவேளை வரைக்கும் கோல் இல்லை. பிறகு எதிரணி ஒன்று அடித்தது. அவன் எழுந்து போய்க் குசினியில் கையைக் கழுவிக்கொண்டு நின்றான்; வெகுநேரம் கழுவினான். நான் தனியே இருந்து புல்லைப் பார்த்தேன். திடீரென்று படம் தலைகீழாகி, யார் யாரோ கத்தி, ஒரு செருப்பு தெரிந்து, அண்ணனின் மூக்கு மிக அருகில் தெரிந்தது. எங்கள் பக்கம் ஒன்று அடித்துவிட்டார்கள். அவன் ஈரக் கையோடு ஓடி வந்து என் தலையைப் பிடித்து உலுக்கினான்.

அப்படியே சமநிலையில் முடிந்தது. ஊதினார்கள். சனம் மைதானத்துக்குள் இறங்கியது. அண்ணன் முதன்முறையாகக் கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார். மெலிந்த முகம், பற்கள் அங்கொன்றும் இங்கொன்றும். சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கோல் அடித்தவனை இழுத்து வந்து காட்டினார். என்னையும் கண்டுவிட்டுக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

அப்போதுதான் பக்கத்தில் இவன் அசையாமல் இருக்கிறதைக் கண்டேன். அவன் கையில் மடிக்கணினி. பக்கத்து ஊர் ஆட்டத்தின் முடிவு அதில் வந்திருந்தது. அதுவரை சமநிலையில் நின்ற ஆட்டம், கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி. அவர்கள் வென்றுவிட்டார்கள்.

நான் தோற்கக்கூடாது என்று கேட்டேன். விழக்கூடாது என்று கேட்கவில்லை. கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது, பிள்ளையாரில் ஒரு பிழையும் இல்லை. ஒரு வாரம் முழுவதும் நட்சத்திரத்தைச் சரிபார்த்தவன் வசனத்தைச் சரிபார்க்கவில்லை.

அங்கே இன்னும் ஒருவருக்கும் தெரியாது. உலகத்தின் மறுகோடியில், சீனிப் போத்தலுக்கு முன்னால் இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். தன்னுடைய அறைக் கதவைக் காட்டினார், கதவைத் தட்டிக் காட்டினார், இது இருக்கிறது என்பதுபோல.

“சொல்லு” என்றேன்.

“நீ சொல்லு” என்றான்.

எனக்கு அந்த மொழி தெரியாது. அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். இரண்டு பேராலும் முடியவில்லை. வேலையிடத்தில் எந்த இழவுச் செய்தி வந்தாலும் ஏதாவது ஒரு பகிடி சொல்லி மூச்சுவிட வைக்கிறவன் நான். தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு நாங்கள் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. படிக்கட்டில் மிஞ்சியிருந்த சனத்தின் ஒரு கரையில் சத்தம் நின்றது. அந்த அமைதி அப்படியே வரிசை வரிசையாக இந்தப் பக்கம் வந்தது. யாரோ ஒருவர் அண்ணனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அண்ணன் அவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எங்கள் முகத்தில் கண்டிருப்பார். தம்பியிடம் ஒரு வசனம் சொன்னார். கைபேசியை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்தது வெறும் வானம். நல்ல நீலம்.

“என்னவாம்?” என்றேன்.

“வெயில் ஏறுதாம். புல்லுக்குத் தண்ணி அடிக்கவேணுமாம்.”

கொஞ்சத்தில் குழாய்த் தண்ணீர் புல்லில் விழுகிற சத்தம் கேட்டது. அவன் துண்டிக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி, தன் மொழியில், உரத்து ஏதோ சொன்னான். மூலையில், கொடிக்கம்பத்தடியில் எப்போதும் காய்ந்து போகுமாம், அங்கே கூடுதலாக அடி என்று சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னான். அண்ணன் தூரத்தில் நின்றிருக்கவேண்டும். தண்ணீர்ச் சத்தம் அதே இடத்திலேயே கேட்டது. இவன் திரும்பவும் சொன்னான், இன்னும் உரத்து. நானும் என் பங்குக்குக் கைபேசியின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அது எங்களுக்குக் கேட்கிற சத்தத்தைத்தான் கூட்டும், அவருக்கு ஒன்றும் எட்டாது என்று தெரிந்தும்.